ஐந்தின் மேல் ஒரு புள்ளி

கீபோர்டின் வலப்பக்கம் எண்கள் மட்டும் இருக்கும் பகுதியில், 5 என்ற பட்டனின் மேல் ஒரு புள்ளி புடைத்திருக்கும். நடுவிரலை அங்கே வைத்துவிட்டால் போதும். மேலே 8, கீழே 2, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. மரக்காணத்தில் உப்பு வார ஆரம்பித்துவிட்டால் சனிக்கிழமை ராத்திரிகளில் என் நடுவிரல் அங்கேதான் இருக்கும். அத்தை சுமந்த கூடைகளின் கணக்கை மாமா போனில் சொல்லச் சொல்ல, வானூரில் உட்கார்ந்து நான் போடுவேன்.

அந்தப் புள்ளியைத் தொட்டதும் ஆயாவின் முந்தானை ஞாபகம் வந்துவிடும். ஆயாவும் அளத்தில் உப்பு சுமந்தவள். பாத்தியில் வாரிக் குவித்ததைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பு வழியே நடந்து மேட்டில் கொட்டவேண்டும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்து நடைக்கு முந்தானையில் ஒரு முடிச்சு. வீட்டுக்கு வந்ததும் அதை என் மடியில் போட்டு, “எண்ணிச் சொல்லு பாப்பா” என்பாள். உப்புத் தண்ணீர் காய்ந்து விறைத்த துணி. முடிச்சு முடிச்சாகத் தடவி எண்ணுவேன். நான் கற்ற முதல் கணக்கு அது. பள்ளிக்கூடம் அப்புறம்தான் வந்தது.

பள்ளியில் பார்வையில்லாத எங்களுக்குக் கணக்குப் போட டெய்லர் ஃப்ரேம் கொடுத்தார்கள். பலகை முழுக்க எட்டு மூலைக் குழிகள். அவற்றில் ஈயக் கட்டைகளைச் செருகவேண்டும். கட்டையின் ஒரு முனையில் மேடாக ஒரு கோடு, மறு முனையில் இரண்டு புள்ளிகள். எந்த மூலைக்குத் திருப்பிச் செருகுகிறோமோ அதைப் பொறுத்து எண் மாறும். ஒரு முனைக்கு 8, இரண்டுக்கும் சேர்த்து 16 குறிகள். ஒரு வகுத்தல் கணக்குக்கே ஒரு பீரியட் போய்விடும். பலகை கைதவறிக் கவிழ்ந்தால், போட்ட கணக்கு தரையில் சிதறிக் கிடக்கும். தவழ்ந்து தவழ்ந்து பொறுக்குவோம்.

பிறகு அபாகஸ். சாதாரண அபாகஸில் விரல் பட்டாலே மணி நகர்ந்துவிடும். அமெரிக்காவில் டிம் கிரான்மர் என்ற பார்வையற்றவர் 1962-இல் மணிகளுக்கு அடியில் மெத்தென்ற துணியை வைத்தார். மணி நின்ற இடத்தில் நின்றது. தொட்டுப் பார்த்தே வாழ்கிறவருக்குத்தான் இது தோன்றும். 1976-இல் அங்கேயே பேசும் கால்குலேட்டர் ஒன்று வந்தது. அதற்குத் தெரிந்தது 24 சொற்கள், விலை 395 டாலர். அந்த விலைக்கு அது எங்கள் ஊர்ப் பக்கம் எப்படி வரும்?

வந்தது என்விடிஏ. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் அதற்கு முன்பே இருந்தன, ஆனால் கம்ப்யூட்டரைவிட அவற்றின் விலை அதிகம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் இதை எழுத ஆரம்பித்து இலவசமாகவே கொடுத்தார். அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டேவும் பார்வையற்றவர். அவர்கள் இருவரையும் ஆயாவுக்கு அடுத்தபடியாக நினைத்துக்கொள்கிறேன்.

கூடப் படித்தவர் பென்டிரைவில் கொடுத்த கால்குலேட்டர் எங்களுக்கென்றே செய்தது. மவுஸுக்கு அதில் வேலை இல்லை. ஒரே ஒரு வரி. தட்டத் தட்ட ஒவ்வொரு எண்ணையும் என்விடிஏ சொல்லும், என்டர் தட்டினால் விடை. மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய கணக்கு, இட அம்புக்குறியை அழுத்தினால் ஒவ்வோர் எண்ணாகப் பின்னால் போகலாம். முதலில் ‘நம் லாக்’ பட்டனைப் போடவேண்டும். போடாவிட்டால் வலப்பக்க எண் பட்டன்கள் எண் அடிக்காமல் திரையைப் படிக்கத் தொடங்கிவிடும்.

பழகிய புதிதில் 31 அடித்தால் “ஒன்பது ஏழு” என்றது. பட்டன் போனில் 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும், இங்கே 7, 8, 9. விரல் போனை நினைத்துக்கொண்டு போயிருக்கிறது. என்விடிஏ வாய்விட்டுச் சொன்னதால்தான் பிழை அங்கேயே பிடிபட்டது.

ஐப்பசி மழை இறங்கினால் அளத்து வேலை நின்றுவிடும். பக்கத்துக் கழுவேலி ஏரியில் தண்ணீர் ஏறிப் பறவைகள் வரும். 2021-இல் அதைச் சரணாலயமாக அறிவித்தபோது எல்லோரும் பறவைகளைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த மாதங்கள் என்றால் முடிச்சு இல்லாத முந்தானைதான். தொட்டால் மழமழவென்று இருக்கும், வயிற்றைப் பிசையும்.

போன பங்குனியில் ஒரு வாரம், கூலிச் சீட்டில் 173 கூடை என்று எழுதியிருந்தார்கள். மாமா ஆறு நாளும் சொன்னது 31, 28, 34, 30, 27, 33. எனக்கு 183 வந்தது. “இன்னொரு வாட்டி பாரு பாப்பா” என்றார். அம்புக்குறியால் பின்னால் போய், ஒவ்வோர் எண்ணாக என்விடிஏவின் வாயாலேயே சொல்லவைத்து, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை போய்க் கேட்டார், திருத்திக் கொடுத்தார்கள். பத்துக் கூடை. ஆயா கணக்கில் ஒரு முடிச்சு.

அவள் முடிச்சுகளை நான் எண்ணிச் சொல்வேனே தவிர, அவளுக்கு வந்த காசு சரியா என்று அன்றைக்குப் பார்க்க என்னால் முடிந்ததில்லை.

பார்வையில்லாத பிள்ளை உள்ள வீட்டார் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். விண்டோஸ் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும், என்விடிஏவுக்குக் காசு கிடையாது. முதல் நாள் பிள்ளையின் நடுவிரலைப் பிடித்து 5-இன் மேல் வையுங்கள்.