செம்பன்குஞ்சுவின் பாடு

செம்பன்குஞ்சுவை எங்கள் நைனாவுக்கு அறிமுகம் செய்துவைத்தவள் நான்தான். முகத்துவாரம் தூர்ந்து, ஏரித் தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு கோடைக்காலம். எங்கள் ஏரிக்கரை ஊரான கோட்டைக்குப்பத்தில் தொழில் இல்லாத நாளென்றால் வீட்டுக்கு வீடு கிழிந்த வலை விரிந்து கிடக்கும். நைனா ஊசியும் நூலுமாய் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அமர்ந்து நான் தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ நாவலை உரக்கப் படிப்பேன். 1956இல் மலையாளத்தில் வெளிவந்தது. சுந்தர ராமசாமி தமிழுக்குக் கொண்டுவந்தது.

கல்லூரியில் படித்தபோது அது எனக்குக் கறுத்தம்மா, பரீக்குட்டி இருவரின் காதல் கதை. கறுத்தம்மாவின் அப்பன் செம்பன்குஞ்சுவைக் கெட்டவன் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த பக்கம் புரட்டியவள் நான். நைனாவுக்கோ காதலில் அக்கறை இல்லை. தினமும் சாயங்காலம் வலையை இழுத்துப் போட்டதும் அவர் கேட்பது ஒன்றுதான்: “அந்தாளு இன்னா ஆனான்?”

செம்பன்குஞ்சுவுக்குச் சொந்தமாக வள்ளமும் வலையும் வேண்டும். காலமெல்லாம் அடுத்தவன் வள்ளத்தில் துடுப்புப் போட்டவனுக்கு வேறென்ன ஆசை இருக்கும்? அவனும் மனைவி சக்கியும் வயிற்றைக் கட்டிக் காசு சேர்க்கிறார்கள். போதவில்லை. கறுத்தம்மாமேல் வைத்த பிரியத்தில், சின்ன வியாபாரி பரீக்குட்டி தன் முதலை எடுத்துக் கொடுக்கிறான். மீன் பிடித்ததும் அவனுக்கே கொடுப்பதாகப் பேச்சு. வள்ளம் வருகிறது, வலை நிறைகிறது. பரீக்குட்டி கரையில் வந்து நிற்கிறான். கையில் ரொக்கம் இருக்கிறதா என்று கேட்கிறான் செம்பன்குஞ்சு.

அந்த இடத்தைப் படித்தபோது நைனாவின் ஊசி நின்றுவிட்டது. “மறுக்காப் படி” என்றார். படித்தேன். ஒன்றும் பேசாமல் எழுந்து, ஏரிப்பக்கம் போய்விட்டார்.

அதன்பிறகு செம்பன்குஞ்சுவைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவனுடைய நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை மறு தட்டிலும் வைத்து நிறுக்க முடியாது என்று எனக்குப் படுகிறது. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. காசு காசாகச் சேர்த்த அதே பிடிவாதம்தான் பரீக்குட்டியிடம் ரொக்கம் கேட்டது. குடும்பத்துக்காக வள்ளம் என்று தொடங்கினான். பிறகு வள்ளம் மட்டுமே மிஞ்சியது. மகளின் கல்யாண நாளில் சக்கி மயங்கி விழுகிறாள். அந்த நிலையிலும் கணவனோடு புறப்பட்டுப் போன கறுத்தம்மாவைத் தன் மகளே இல்லை என்று உதறிவிடுகிறான். எந்த அத்தியாயத்தில் அவன் கெட்டவனானான் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. போதும் என்று சொல்ல அவனுக்குள்ளும் ஆளில்லை, வெளியிலும் ஆளில்லை.

எங்கள் ஏரியில் அப்படிச் சொல்வதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊருக்கும் உள்ள ‘பாடு’ முறை அது. இறால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. தண்ணீர் கடலுக்கு வடியும் நேரத்தில், முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டியவனுக்குத்தான் யோகம். எல்லாரும் அங்கேயே போய் நின்றால் வெட்டு குத்துதான். அதனால் தலைக்கட்டுக் கணக்கில் ஆளைப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்து இடம் மாற்றிக் கொடுப்பார்கள். இன்றைக்கு நல்ல இடம் என்றால் நாளைக்கு அது வேறொருவன் பாடு. பாடு என்றால் முறை. பட்ட கஷ்டமும் பாடு. வலையில் விழுந்த மீனும் பாடு. ஒரே சொல்லில் எங்கள் பிழைப்பு முழுவதும் அடங்கிவிடும்.

எங்கள் பாட்டன்மார்கள் நல்லவர்களாக இருந்ததால் இதைச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொருவனுக்குள்ளும் ஒரு செம்பன்குஞ்சு உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியும். தன் ஆசையைத் தானே நம்பாதவர்கள் போட்ட கட்டு இது. அந்தக் கட்டுக்குள்ளும் குறை உண்டு. பாடு என்பது எங்கள் சாதியான பட்டினவருக்கு மட்டும்தான். அதே ஏரியில் சேற்றுத் தண்ணீரில் மண்டியிட்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. நியாயமான ஏற்பாடும் தன் வேலிக்கு வெளியே இருப்பவனிடம் ரொக்கம் கேட்கத்தான் செய்கிறது. மனிதனைப் போலத்தான் ஊரும்.

நாவலின் கடைசிப் பகுதிக்கு வந்தோம். சக்கி போய்விட்டாள், அவன் செய்துகொண்ட இரண்டாம் கல்யாணமும் நொறுங்கிவிட்டது. சித்தம் கலங்கிய செம்பன்குஞ்சு பரீக்குட்டியிடம் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

“புத்தி நல்லா கீறப்பவே குடுத்திருக்கணும்” என்றார் நைனா.

கொஞ்ச நேரம் கழித்து, வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். நான் பன்னிரண்டாவது முடித்த வருஷம், முன்பணம் கொடுத்திருந்த வியாபாரிக்குச் சேரவேண்டிய ஒரு பாட்டு இறாலை, கூட விலை சொன்ன வெளியூர்க்காரனிடம் ஐஸ் பெட்டியோடு ஏற்றிவிட்டிருக்கிறார். அந்தக் காசில்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். எனக்கு அன்றுவரை தெரியாது. மடியிலிருந்த புத்தகம் கனத்தது.

“அப்புறம் நைனா?”

“அடுத்த பாட்டு இறால் மொத்தத்தையும் அவர் வூட்டு வாசல்லயே கொண்டுபோய் எறக்கனேன். எட போட்டாரு, கணக்கு எழுதனாரு, டீ குடுத்தாரு. முந்தின பாட்டப் பத்தி ஒரு வார்த்த கேக்கல.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“கேட்டிருந்தாத் தேவல கண்ணு.”