வண்டி எண்ணெய் குடிக்கிறதா?

சமையலறையில் எண்ணெய்த் தூக்கு காலியானால் நாம் யாரையும் யோசனை கேட்பதில்லை. ஒன்று, தூக்கில் ஓட்டை இருக்க வேண்டும். அல்லது யாரோ பஜ்ஜி போட்டிருக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். ஆனால் வாசலில் நிற்கும் காரில் எண்ணெய் குறைந்தால் மட்டும், "அதெல்லாம் ஆண்கள் சமாசாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். அப்படி ஒதுங்க அவசியமே இல்லை, சகோதரிகளே! அங்கேயும் கணக்கு ஏறக்குறைய அதேதான். எண்ணெய் வெளியே ஒழுக வேண்டும். இல்லையானால் உள்ளே எரிய வேண்டும்.

முதலில் அளவு பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். வண்டி சமதரையில் நிற்கட்டும். வாசல் சரிவாக இருந்தால் அளவுக் குச்சி பொய் சொல்லும். எஞ்சினை நிறுத்தி ஐந்து, பத்து நிமிஷம் கழித்துக் குச்சியை உருவி, பழைய துணியால் துடைத்து, மறுபடி முழுக்கச் சொருகி எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நின்றால் சரி. பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே தேதியையும், வண்டி ஓடிய கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள். குறைகிறதா, எவ்வளவு ஓட்டத்துக்கு எவ்வளவு குறைகிறது என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு பெரிய அட்டை போதும். இரவில் எஞ்சினுக்கு அடியில் விரித்து வையுங்கள். காலையில் பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பான சொட்டு இருந்தால் அது பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய். பச்சையோ ரோஜா நிறமோ இருந்தால் ரேடியேட்டர் திரவமாக இருக்கலாம். ஏ.ஸி. போட்டு வந்த பிறகு சொட்டுகிற வெறும் தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். எண்ணெய் மாற்றிய மறுநாளே ஒழுக்கு ஆரம்பித்தால், அடியில் உள்ள திருகையும் ஃபில்டரையும் சரியாக முடுக்கினார்களா என்று கேளுங்கள். வண்டி நின்றதும் எண்ணெய் கருகும் வாசனை வந்தால், எஞ்சினின் மேல்மூடி கேஸ்கட் கசிந்து சூடான சைலன்ஸர் குழாயில் சொட்டுகிறதோ என்று பார்க்கச் சொல்லுங்கள். அது தீப்பற்றக்கூடிய சங்கதி. நாளை என்று தள்ளாதீர்கள்.

அட்டை சுத்தமாக இருந்தும் எண்ணெய் குறைகிறதா? அப்படியானால் புகையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் இந்தப் புகைதான் ஒரு பெரிய செலவைத் தடுத்தது.

என் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ். அண்ணாவின் பழைய பெட்ரோல் கார்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும். அதில் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. பார்த்த மெக்கானிக், "ரிங்கு போயிடுச்சு, சார். இன்ஜினை இறக்கணும். பத்து நாள் வண்டியை விட்டுடுங்க" என்று சொல்லி, ஒரு பெரிய தொகையும் சொன்னார். அம்மாவின் வைத்தியத்துக்கென்று எடுத்து வைத்த பணத்தில்தான் கை வைத்தாக வேண்டும். அண்ணா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, நாளைக்குக் காலையில் நீ ஸ்டார்ட் பண்ணு. நான் பின்னால் நின்று பார்க்கிறேன்" என்றேன்.

மறுநாள் விடியற்காலை வண்டி உறுமியதும் நீலமாக ஒரு குபுக்! அரை நிமிஷத்தில் அது மறைந்துவிட்டது. அப்புறம் மேம்பாலம் ஏறும்போதும் புகையே இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் வேகமெடுக்கும்போதும் மேடு ஏறும்போதும் நீலப் புகை வருவதுதான் வழக்கம். இரவெல்லாம் நின்ற வண்டி, காலையில் மட்டும் நீலப் புகை விட்டால் வால்வ் ஸீல் மீதுதான் முதல் சந்தேகம். குக்கரின் ரப்பர் வளையம் நாளாக நாளாக விறைத்துப் போகிறதல்லவா? அதே கதைதான். விறைத்த ஸீல் வழியாக எண்ணெய் இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் எரிகிறது.

வேறொரு ஒர்க்‌ஷாப்பில், "எதையும் கழற்றும் முன் கம்ப்ரெஷன் பாருங்கள்" என்று கேட்டுக்கொண்டோம். நாலு சிலிண்டரிலும் நன்றாகவே இருந்தது. எஞ்சினை இறக்காமலே ஸீல்களை மாற்றினார்கள். புதன் சாயங்காலம் விட்ட வண்டி வெள்ளி காலை வந்துவிட்டது. அம்மாவின் முறை ஒன்றுகூடத் தவறவில்லை.

எண்ணெய் குறைவதைப் போல, கூடினாலும் ஆபத்துதான். பெட்ரோல் வாசனையோடு அளவு ஏறினால் பெட்ரோல் கலக்கிறது என்று அர்த்தம். 2020-ல் அமலுக்கு வந்த பி.எஸ்.-6 விதிக்கு ஏற்ற டீஸல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வண்டி சற்று நீண்ட தூரம் ஓட வேண்டும். கறிகாய்க் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமே ஓடினால், அந்த வேலை பாதியில் நின்று, டீஸல் எண்ணெயில் இறங்கி அளவு ஏறலாம்.

குச்சியிலேயே எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம். ஆனால் எண்ணெய் கறுத்துவிட்டதே என்று மட்டும் கலங்காதீர்கள். அழுக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அதன் வேலை. டீஸல் வண்டியில் சீக்கிரமே கறுத்துவிடும். மாற்றும் கெடுவையும், ஊற்ற வேண்டிய ரகத்தையும் வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஓடும்போது எண்ணெய்க் கிண்டி போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், "வீடு பக்கம்தானே, போய்விடலாம்" என்று வீட்டுக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டது என்று அது கத்துகிறது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். ஆட்டோவில் வீடு திரும்புகிற செலவு, புது எஞ்சின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை!