மூட்டை வரும் நாள்

வாலாஜாபேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் பலரும் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிறோம். ராணிப்பேட்டையிலிருந்து ஏஜெண்ட் வண்டியில் மூட்டையைக் கொண்டுவந்து போடுவார். மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, தோலில் ஒரே ஓட்டையில் எதிரெதிராக விட்டு இழுக்க வேண்டும். தளர்ந்தால் ரிஜெக்ட். இறுக்கினால் நூல் விரலை அறுக்கும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரலில் மாட்டிக்கொள்வேன். ஜோடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்.

விரல் வலியைத் தாங்கிவிடலாம். அடுத்த மூட்டை எப்போது வரும் என்று தெரியாததைத்தான் தாங்க முடியவில்லை. சில வாரம் வேலை குவிந்து ராத்தூக்கம் இருக்காது. பிறகு ஏஜெண்ட் போனையே எடுக்கமாட்டார். மகளின் ஃபீஸுக்கு வளையல் அடகுக்குப் போகும். என் தையல்தான் சரியில்லையோ என்று உள்ளுக்குள் கூசுவேன். கேட்கவும் பயம், கேட்டால் மூட்டை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எங்கள் ஷூ போகும் ஐரோப்பாவில் கடைகள் மூடின, ஆர்டர் நின்றது. நன்றாகத் தைப்பவர், சுமாராகத் தைப்பவர் எல்லோருக்கும் ஒரே கதி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆர்டர் ஏறும், இறங்கும்; அது வியாபாரம். ஆனால் ஃபேக்டரிக்குள் இருப்பவருக்குப் பதிவேட்டில் பெயர் உண்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. எங்களுக்கு நோட்டீஸ்கூடக் கொடுக்க வேண்டியதில்லை, மூட்டையை நிறுத்தினால் போதும். இறக்கம் முழுவதும் எங்கள் திண்ணையில்தான் வந்து விழுகிறது.

வீட்டில் வேலை செய்பவரும் தொழிலாளிதான் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு டேனரிக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எங்கள் பாலாற்றங்கரை முழுக்கத் தெரியும். ஆனால் இந்த உடன்படிக்கையை எங்கள் தெருவில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தோல் தொழிலாளருக்கும் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்துகொண்டேன். பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வயதான பிறகு பென்ஷன். நல்லதுதான், ஆனால் வேலையில்லாத வாரத்தில் அடுப்பெரிய அது போதாது.

அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, ஜோடி, ரேட், ரிஜெக்ட், கீழே ஏஜெண்டின் கையெழுத்து. பக்கத்து வீட்டு அக்காக்களும் போட்டார்கள். போன முறை ரேட்டைக் குறைக்க வந்தவரிடம் எல்லா நோட்டையும் ஒன்றாக விரித்தோம். குறைக்கவில்லை. மூட்டை வராத வாரத்துக்கு என்ன தருவீர்கள் என்று அடுத்து கேட்கப்போகிறோம்.