தெற்கு ஜன்னல்

ஜன்னல் என்றால் காற்று வருவதற்குத்தான் என்று எண்ணியிருந்தேன். காற்றை வெளியே நிறுத்துவதற்கும் அதுவேதான் காவல் என்பதை 2018-ஆம் வருஷத்துக் கஜா புயல் கற்றுக் கொடுத்தது. அதற்குக் கொடுத்த கட்டணம் கொஞ்சமல்ல.

கீரமங்கலத்தில் என் அக்காவின் வீடு, அத்தான் கட்டிய ஓட்டு வீடு. அத்தான் காலமான பிறகு நான் அங்கேயேதான் இருக்கிறேன். தெற்கு அறை ஜன்னலின் தாழ்ப்பாள் பல மாதங்களாக ஆடிக் கொண்டிருந்தது. "தம்பி, ஆசாரியை ஒரு நடை வரச் சொல்லேன்" என்பாள் அக்கா. "தீபாவளி கழியட்டும், அக்கா" என்பேன் நான். நவம்பர் 6-ந் தேதி தீபாவளி கழிந்தது. பத்தாம் நாள் ஆசாரி வரவில்லை, புயல் வந்தது.

முதல் நாள் மாலையே அக்காவின் மகன் முன்னறைக் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டு நாடா ஒட்டி விட்டான். கணக்கு வாத்தியார் தப்புப் போட்ட நோட்டுப் போலிருந்தது. அந்த நாடா கண்ணாடிக்குப் பலம் தராது, வெளியே பலகை அடித்தால்தான் தாங்கும் என்று பிறகுதான் தெரிந்து கொண்டோம். நானோ, காற்று வடக்கேயிருந்து வருகிறதென்று வடக்கு ஜன்னல்களுக்கெல்லாம் குறுக்குக் கட்டை போட்டு, கெட்டிக்காரனைப் போல் படுத்துக் கொண்டேன்.

16-ந் தேதி பின்னிரவில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கரையேறிய புயல், மேற்கே எங்கள் பக்கம் வந்தது. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவது. அதனால் வரும்போது வடக்கே அடிக்கிற காற்று, கடந்து போகும்போது தெற்கே திரும்பி அடிக்கும். இந்தச் சங்கதி எனக்குத் தெரியாது. தெற்கு ஜன்னலுக்குத் தெரிந்திருந்தது.

தாழ்ப்பாள் பிய்த்துக் கொண்டது. உள்ளே புகுந்த காற்று வெளியேற வழி தேடிக் கூரையை மேலே தூக்கியது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. 'எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்து விட்டால் காற்று போய்விடும்' என்று ஊரில் சொல்வார்கள். திறந்திருந்தால் இன்னும் கொஞ்சம் காற்று வந்திருக்கும், அவ்வளவுதான். மூன்று பேரும் கதவைத் தள்ளிச் சாத்தி, உலக்கையை முட்டுக் கொடுத்து, விடியும் வரை அதன்மேல் சாய்ந்து கிடந்தோம்.

விடிந்ததும், செருப்பில்லாமல் யாரும் நடக்கக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டாள். தரையெல்லாம் கண்ணாடியும் ஓட்டுச் சில்லும். பிறகு உலக்கையை எடுத்துவிட்டு அந்த ஜன்னலைத் திறந்தாள். எதிரே வெறும் வானம். அறுபது தென்னைகளும் அத்தான் நட்ட பலா மரமும் தரையில் கிடந்தன. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அந்தப் பலாவையே அறுத்து, நன்றாக உலர வைத்து, புதுக் கதவு செய்தோம். இப்போதெல்லாம் புரட்டாசி பிறந்ததும் நான் வீட்டைச் சுற்றி வந்து நாலு திசைத் தாழ்ப்பாள்களையும் ஆட்டிப் பார்க்கிறேன்.

"என்ன அவசரம் தம்பி, தீபாவளி கழியட்டுமே!" என்று அக்கா சிரிக்கிறாள்.