ஆலம்பரையில் ஓர் இஸ்கூல்

கடப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடல் பக்கம் நடந்தால் கழிமுகத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கிறது. 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த கோட்டை. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்துத் தகர்த்தார்கள். பிடித்தார்களே தவிர, பேர் வாயில் நுழையவில்லை. 'அலம்பர்வா' என்று எழுதி வைத்தார்கள். செங்கல்பட்டு 'சிங்கிள்பட்' ஆன கதைதான்! அதற்காக யாரும் துரைகளைப் பெஞ்சு மேல் ஏற்றவில்லை.

படகுக்காரர் மகளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆறாம் வகுப்பு. 'இஸ்கூல்' என்றதும் கிளாஸே சிரித்ததாம். அன்றிலிருந்து இங்கிலீஷ் பீரியடில் வாயே திறப்பதில்லை.

"அவ்ளோ பெரிய தப்பா சார்?" என்றார் அப்பா.

தப்பென்ன, பரம்பரைப் பழக்கம்! தனி மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. 'ஸ்' தடுமாறி நின்றால் 'இ' ஓடிவந்து முட்டுக் கொடுக்கும். ஸ்பெயின்காரர்களுக்கு அந்த வேலையை 'எ' செய்கிறது. அவர்கள் மொழியில் பள்ளிக்கூடமே 'எஸ்குவேலா'; இங்கிலீஷ் படிக்க வந்தால் 'எஸ்கூல்', 'எஸ்டாப்'தான். 'வந்தேன்' என்றால் வந்தது யாரென்று நமக்கு வினையே சொல்லிவிடும், அவர்களுக்கும் அப்படியே. இங்கிலீஷோ, குளிருவதற்குக்கூட 'இட்' என்று ஓர் ஆளை முன்னால் நிறுத்தச் சொல்லும். அந்த ஆளைக் கோட்டை விடுவதில் நாமும் அவர்களும் பங்காளிகள்.

"பாம்பு மாதிரி சீறு. மூச்சை விடாம அப்படியே 'கூல்' சேர்த்துக்கோ" என்றேன்.

"ஸ்ஸ்ஸ்ஸ்..." நாலாவது சீறலில் 'ஸ்கூல்' வந்தே விட்டது. இன்னொரு தரம் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக.

அப்பா முகமெல்லாம் பல். மோட்டார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"இஸ்டார்ட் பண்ணட்டுமா சார்?"