தும்பை பூத்த திருப்பூணித்துறை

கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் திருப்பூணித்துறை புதிய ஊர் அன்று. பூர்ணத்திரயீசரைத் தரிசிக்கப் போகாதவர் நம்முள் மிகச் சிலரே. கொச்சி அரச குடும்பத்தார் வாழ்ந்த ஊர் அது. கோயில், அரண்மனை, கதகளி, யானை என்று அவ்வூரின் பெருமைகளை அடுக்கிச் சொல்வார்கள். அந்த வரிசையில் ஒருவரும் சேர்க்காத செல்வம் ஒன்று அங்கே மதில் இடுக்கிலும் வேலியோரத்திலும் இருக்கிறது. தாமாகவே கூடு கட்டி வாழும் நாட்டுத் தேனீக்களும், அவற்றுக்கு உணவளிக்கும் சிறு பூக்களுமே அச்செல்வம்.

அவற்றைக் காண்பதற்கென்றே நாம் அண்மையில் அங்குச் சென்று வந்தோம். சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, பிறந்திருந்தது. அத்தத்துக்குச் சில நாட்களே இருந்தன. கோட்டைக் கொச்சியில் படகேறி எறணாகுளம் சேர்ந்து, அங்கிருந்து மெட்ரோ ரயிலில் அமர்ந்தால் திருப்பூணித்துறையிலேயே இறங்கலாம். 2024 மார்ச்சு 6ஆம் நாள் அந்த நிலையம் திறக்கப்பட்ட பின் பயணம் மிக எளிதாகிவிட்டது.

ஓணத்தின் முதல் ஓசை கேட்பது இவ்வூரில்தான். சிங்க மாதத்து அத்த நாளில் கொச்சி மன்னர் பரிவாரத்தோடு பவனி வருவது பழைய வழக்கம். அதற்கு அத்தச்சமயம் என்று பெயர். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது அரச பவனி நின்றது. 1961 முதல் அதுவே மக்கள் விழாவாகப் புத்துயிர் பெற்று நடந்து வருகிறது. அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாட்களும் வீட்டு முற்றங்களில் பூக்களம் இடுவர். மார்கழியில் கோலமிட்டுப் பூசணிப்பூ வைக்கும் நம் பெண்மக்களுக்கு இந்த அழகை விளக்க வேண்டியதில்லை.

கடைவீதியில் பூக்குவியல்கள் மலைபோல் கிடந்தன. செண்டுமல்லி, வாடாமல்லி, அரளி, சாமந்தி! தோவாளையிலிருந்தும், திண்டுக்கல், கோவைப் பகுதிகளிலிருந்தும், கருநாடகத்துக் குண்டலுப்பேட்டையிலிருந்தும் ஓணத்துக்கு லாரி லாரியாகப் பூ வருகிறது. அண்மை ஆண்டுகளில் கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் செண்டுமல்லி பயிரிடுகின்றன. மூட்டையை இறக்குபவரும், எடைபோடுபவரும், விலை கூறுபவரும் தமிழிலேயே பேசிக்கொள்வதைக் கேட்டு நம் உள்ளம் குளிர்ந்தது. பூத்தொழில் நம்மவரில் பலருக்குச் சோறு போடுகிறது. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று.

ஆனால் பழைய பூக்களம் கடைப்பூவால் ஆனதன்று. செண்டுமல்லி மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்த பூ. முன்னாளில் குழந்தைகள் விடியலில் கூடை ஏந்தித் தொடியெங்கும் அலைந்து பூப்பறிப்பார்கள். வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்தையும் வெற்றிடத்தையும் சேர்த்துத் தொடி என்று இங்குச் சொல்கிறார்கள். அவர்கள் கொண்டு வந்தவை தும்பை, முக்குற்றி, செத்தி, காக்காப்பூ, சங்குப்பூ ஆகியன. இவற்றுள் தும்பைக்கே முதலிடம். மாவலி மன்னனுக்கு மிக உகந்த பூ அது என்பது இந்நாட்டார் நம்பிக்கை.

செத்தி என்று இங்குச் சொல்வது நம் வெட்சியே. வெட்சியும் தும்பையும் தமிழருக்குத் தெரியாத பூக்களா? ஆநிரை கவரச் சென்றவர் வெட்சி சூடினர். நேருக்கு நேர் நின்று பொருதவர் தும்பை சூடினர். புறப்பொருள் இலக்கணத்தில் போருக்குப் பெயரான இரு பூக்களும் இங்கே ஒரே பூக்களத்தில் அருகருகே அமர்ந்து, திரும்பி வரும் மன்னனை வரவேற்கின்றன. இதைக் கண்டு வியந்துகொண்டே கோயிலை அடுத்த ஒரு சிறு சந்துக்குள் திரும்பினோம்.

அங்கே ஒரு பழைய வீடு; அதைச் சுற்றிலும் செம்புரைக்கல் மதில். மதிலின் இடுக்கு ஒன்றிலிருந்து, சுண்டுவிரல் பருமனில், கருமையான மெழுகுக் குழல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் எறும்பினும் சற்றே பெரிய கரிய பூச்சிகள் காவல் நின்றன. உடன் வந்த சிறுமி அஞ்சிப் பின்வாங்கினாள். வாசலில் நின்ற மூதாட்டியார் சிரித்தார். "பயப்பட வேண்டாம், குழந்தே. இது கொட்டாது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தச் சுவரில்தான் குடியிருக்கிறது" என்றார்.

அது கொசுத்தேனீ. மலையாளத்தில் செறுதேனீச்ச என்பர். உடல் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். கொட்டும் கொடுக்கு இதற்கு இல்லை. பகை வந்தால் கடிக்கும், தலைமயிரில் புகுந்து தொல்லை செய்யும், எறும்பின் மீது பிசினை அப்பும். பலா, மா முதலிய மரங்களின் பிசினைத் தன் மெழுகோடு குழைத்துக் கூடு கட்டுகிறது. மற்றத் தேனீக்களைப் போல் அறுகோண அறைகள் இதற்கில்லை. மிளகளவிலும் அதனிலும் சற்றுப் பெரிதாகவும் சின்னஞ்சிறு குடங்கள் செய்து, அவற்றில் தேனையும் மகரந்தத்தையும் தனித்தனியே சேமிக்கிறது. ஆண்டு முழுவதும் உழைத்தாலும் ஒரு கூட்டில் கிடைக்கும் தேன் சிறிதே. புளிப்புக் கலந்த அத்தேனை வைத்தியர்கள் பெரிதும் போற்றுவதால் விலையும் மிகுதி.

1854இல் பிரடெரிக் ஸ்மித் என்னும் ஆங்கிலேய அறிஞர் இலங்கையிலிருந்து கிடைத்த கொசுத்தேனீக்கு அறிவியற்பெயர் இட்டார். நம் நாட்டுக் கொசுத்தேனீ அந்த ஓர் இனமே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வாறன்று என்பது பின்னர்த் தெரிந்தது. 2019இல் இந்தியாவிலிருந்து ஆறு புதிய கொசுத்தேனீ இனங்களைக் கேரள ஆய்வாளர் விவரித்தனர். அவற்றுள் ஒன்றின் பெயர் திருவிதாங்கூரைக் குறிக்கிறது. நம் வீட்டு மதிலில் வாழும் உயிருக்குப் பெயர் வைப்பதே இன்னும் முடியவில்லை என்றால், அதன் வாழ்வை நாம் எவ்வளவு அறிந்திருப்போம்?

அதன் வாழ்வில் ஒரு செய்தி நமக்கு மிக முக்கியமானது. உடல் சிறிதாதலால் கொசுத்தேனீ நெடுந்தூரம் பறக்காது. கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே உணவு தேடியாக வேண்டும். மலைத்தேனீ பல கிலோமீட்டர் பறக்கும். ஓரிடத்தில் பூ இல்லையேல் வேறிடம் குடிபெயரும். கொசுத்தேனீயின் உலகமோ ஒரு தெரு. அந்தத் தெருவில் பூ இருந்தால் அதற்கு வாழ்வு உண்டு, இல்லையேல் இல்லை.

கேரளத்தில் கர்க்கடக மாதத்தைப் பஞ்ச மாதம் என்பார்கள். இடைவிடாத மழையில் வேலையும் இராது, விளைச்சலும் இராது. தேனீக்கும் அதே பஞ்சந்தான். மழையில் வெளியே பறக்க முடியாது; பூக்களில் தேன் கரைந்துவிடும். பெட்டியில் தேனீ வளர்ப்போர் இக்காலத்தில் சர்க்கரைப்பாகு வைத்துக் காப்பாற்றுவர். சுவரில் குடியிருப்பதற்குப் பாகு வைப்பார் யார்? சேமித்த தேனைக் கொண்டே அது நாளைக் கடத்த வேண்டும். மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் சிங்க மாதத்தில், தரையோடு தரையாகத் தும்பையும் முக்குற்றியும் பூக்கின்றன. தென்னம்பாளையும் துணை நிற்கிறது. மனிதருக்கு ஓணம் வரும்போது தேனீக்கும் ஓணம் வருகிறது.

தும்பைப் பூவைச் சற்று உற்று நோக்குங்கள். கீழிதழ் திண்ணைபோல் விரிந்திருக்கும். மேலிதழ் மயிர் அடர்ந்த குல்லாய்போல் கவிந்து, மகரந்தத்தைத் தன்னுள் மறைத்திருக்கும். தேனீ திண்ணையில் அமர்ந்து தலையை நுழைத்ததும் மகரந்தம் அதன் மேல் படிகிறது. அடுத்த பூவுக்கு அதுவே தூது. வெட்சியின் அமைப்பு வேறு. அதன் நீண்ட மெல்லிய குழலில் தேனெடுக்க வண்ணத்துப்பூச்சியின் நாவே வேண்டும். எந்தப் பூவுக்கு எந்த விருந்தாளி என்பது பழங்காலந்தொட்டே வகுக்கப்பட்டிருக்கிறது.

அந்தச் சந்தின் வேலியோரத் தும்பையில் ஒரு நாழிகை நின்று பார்த்தோம். கொசுத்தேனீயைத் தவிர, வயிற்றில் நீலப் பட்டைகள் மின்னும் தேனீ ஒன்று அம்புபோல் வந்து வந்து சென்றது. அது கூட்டமாக வாழ்வதில்லை. மண்ணிலும் மண்சுவரிலும் வளை தோண்டித் தனியே குஞ்சு வளர்ப்பது. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இவ்வாறு தனித்து வாழ்பவையே. நமக்குத் தேன் தருபவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

தேன் தாராத தேனீயால் என்ன பயன் என்று கேட்பவருக்குக் கத்தரிச்செடி விடை சொல்லும். கத்தரிப்பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. நீலப்பட்டைத் தேனீயும், கரிய தச்சுத்தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு தம் தசைகளை அதிரச் செய்து, உப்புக்குடுவையைக் குலுக்குவதுபோல் மகரந்தத்தை உதிர்க்கின்றன. பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அதன் நிலையும் உறுதியானதன்று. 1991ஆம் ஆண்டையொட்டி, தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் பரவிக் கேரளத்துப் பெட்டித் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. பலவகைத் தேனீக்கள் இருந்தால்தான் ஒன்றுக்கு நோய் வந்தாலும் நம் தோட்டத்தில் காய் பிடிக்கும்.

பிற்பகலில் ஹில் பாலஸ் சென்றோம். கொச்சி மன்னர் 1865இல் எழுப்பிய மாளிகை. 1986 முதல் அருங்காட்சியகம். பொன்முடியையும் அரியணையையும் காண வருவோர் பலர். நமக்கோ அதைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமே பெருங்காட்சியாகத் தோன்றியது. நகரம் நாற்புறமும் நெருக்கும்போது, முதுமரங்களும் அவற்றின் பொந்துகளும், செதுக்கப்படாத புல்லோரங்களும் தேனீக்கு அரண்களாக நிற்கின்றன. கேரளத்துக் காவுகள் செய்து வந்த பணியும் இதுவே. பாம்பு தெய்வத்துக்கென்று விட்ட மூலையில் பல நூறு உயிர்கள் பிழைத்தன.

ஆயினும், ஓர் அரண்மனைத் தோட்டம் ஊர் முழுவதற்கும் போதாது. மீண்டும் நிலையத்துக்கு நடந்த வழியெல்லாம் புது வீடுகள். முற்றத்தில் ஓர் அங்குல மண்ணும் தெரியாமல் பூட்டுக்கல் பதித்திருக்கிறார்கள். செம்புரைக்கல் மதில் இருந்த இடத்தில் இடுக்கில்லாத சிமெண்டுச் சுவர். அந்தக் கல்தளத்தின் மீது விலைக்கு வாங்கிய செண்டுமல்லியால் பூக்களம் எழும். அது அழகாகவே இருக்கும். ஆனால், பறித்து மூட்டையில் வந்த பூவில் தேனீக்கு உணவில்லை. அடுக்கிதழ் செண்டுமல்லி செடியில் நிற்கும்போதே தேனீக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. தும்பையோ ஆண்டுச்செடி. விதை விழுமுன் களையென்று பிடுங்கினால் மறு ஆண்டு அவ்விடத்தில் இராது. தும்பை போன வீட்டில் கொசுத்தேனீயும் நெடுநாள் தங்காது.

நாம் பிழைக்க வந்த ஊரில் நிலம் நம்முடையதா என்று நம்மவர் சிலர் கேட்கக்கூடும். மட்டாஞ்சேரியில் ஒற்றை அறையில் வாழ்வோரும் நம்மில் உண்டு. அவர்களாலும் ஆவது உண்டு. துளசித் தொட்டி இல்லாத தமிழ் வீடு அரிது. துளசியின் பூங்கதிரை முழுதும் கிள்ளாமல் சிலவற்றை விட்டு வைத்தாலே நீலப்பட்டைத் தேனீ தேடி வரும். சிறிது மண் உள்ளவர்கள் ஒரு முழம் இடத்தைத் தும்பைக்கும், தொட்டாற்சிணுங்கிக்கும், முக்குற்றிக்கும் விடலாம். ரோஜா இலையில் யாரோ வட்டமாகக் கத்தரித்ததுபோல் தோன்றினால் மருந்து அடிக்க வேண்டாம். இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுக்குத் தொட்டில் கட்ட எடுத்துச் சென்றது அது. செடி அதனால் சாகாது. சுவரில் மெழுகுக் குழல் கண்டால் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். வீட்டை இடித்துக் கட்ட நேர்ந்தால், தேனீ வளர்ப்பவரை அழைத்தால் கூட்டை மூங்கிலிலோ மண்பானையிலோ பத்திரமாக மாற்றித் தருவார்.

வரும் ஓணத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து பூக்களம் இடுவார்கள். செண்டுமல்லி வாங்கட்டும், அது நம் தோவாளை உழவனின் வியர்வை. தும்பை மட்டும் கடையில் அவ்வளவு எளிதில் கிடைக்காது. அதைப் பறிக்கும்போது பாதியைச் செடியிலேயே விடச் சொல்லுங்கள். அந்தப் பாதி, மழைக்காலம் முழுதும் பசித்திருந்த ஒரு சின்னஞ்சிறு குடும்பத்தின் பங்கு.