கூட்டுக் குரலும் தனிக் குரலும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரைக் கிராமத்துப் பாடசாலைகளைக் காலைப்பொழுதிற் கடந்து செல்வோருக்கு முதலிற் கேட்பது பிள்ளைகளின் கூட்டுக் குரலே. ஆசிரியை ஒரு சொல்லைச் சொல்ல, வகுப்பு முழுவதும் அதனைத் திருப்பிச் சொல்லும். அனா, ஆவன்னா என மணலில் விரல் பதித்து ஓதிய திண்ணைப் பள்ளிக் காலத்தின் எச்சம் அது. கேட்பதற்கு இனியது, கூச்சமுள்ள பிள்ளைக்கும் அதிலே துணிவு பிறக்கும். எனினும், அக்குரலிற் கலந்துகொள்ளும் ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கின்றதா என்பது வேறு வினா.

'படம்', 'மரம்' என்ற சொற்களை வகுப்பு உரத்துச் சொல்கின்றது என்று கொள்வோம். ஆசிரியை அவற்றை அழித்துவிட்டு 'மடம்' என்று எழுதுகின்றார். புதிய எழுத்து ஒன்றுமில்லை. ஆயினும் பல வாய்கள் மூடிக்கொள்ளும். சற்றுமுன் எல்லோரிலும் உரத்துச் சொன்ன சிறுவன் கரும்பலகையைப் பாராது, அயலில் இருப்பவனின் உதட்டைப் பார்ப்பான். அவன் சோம்பேறியல்லன், செவியால் வாசித்தவன்.

இவ்வூர்களுக்குச் செவிவழிக் கல்வி புதிதன்று. வைகாசியிலே கண்ணகி அம்மன் கோயில்களிற் கண்ணகி வழக்குரை பாடப்படும்போது, ஏடு தொட்டறியாத முதியோரும் ஆண்டாண்டாகக் கேட்ட வரிகளைத் தாமே முணுமுணுப்பர். கோயில் முற்றத்தில் அந்த நினைவு ஒரு செல்வம். முதலாந் தர வகுப்பிலோ, அதுவே பிள்ளையின் இடர்ப்பாட்டை ஆசிரியையின் கண்ணுக்கு மறைக்கும் திரையாகிவிடுகின்றது.

1999இல் நாடெங்கும் முதலாந் தரத்திற் புகுத்தப்பட்ட ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் இடமளித்தது. கதிரைகளை வட்டமாக இடுவது எளிது. வட்டமாக இருந்து வாசிப்பதே அரிது. நால்வர் ஐவரைப் பாயில் இருத்தி, ஒரே நூலை விரித்து, ஆளுக்கொரு வரியாக விரல் வைத்து வாசிக்கச் செய்தலே குழு வாசிப்பு. அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. முழு வகுப்பின் முன்னிலையில் நாணவும் வேண்டியதில்லை. நூலில் 'பிறகு' என்றிருக்க, ஒரு பிள்ளை தன் வீட்டு வழக்கில் 'மறுகா' என்று வாசிக்கலாம். அதனைக் கடிந்துகொள்ளலாகாது. பொருளைப் பிடித்த பிள்ளை எழுத்தைத் தவறவிட்டது, அவ்வளவே. விரலை மீண்டும் முதலெழுத்தில் வைப்பித்தாற் போதும்.

இம்முறைக்குப் பெரும் இடையூறு, கெட்டிக்காரப் பிள்ளையின் அவசரமே. அயலான் தடுமாறியதும் விடையைச் சொல்லிவிடும். மனத்துள் பத்து எண்ணும்வரை பொறுத்திருக்க அப்பிள்ளையைப் பழக்கவேண்டும். அந்தப் பத்து எண்ணுக்குள்ளேதான், 'ம' என்று தொடங்கி, விரலை மெல்ல நகர்த்தி, யாருடைய உதட்டையும் பாராமல், 'மடம்' என்று அச்சிறுவன் சொல்வான்.